உப்பு ஐஸும் ஒரு நட்சத்திரப் படமும்

என் மச்சான் சகாயத்தைக் கவனக்குறைவானவன் என்று சொன்ன நீங்கள் பொய் சொல்கிறீர்கள். சென்னையில் உட்கார்ந்து, அரிய நோய் உள்ள குழந்தைகளுக்கு மருந்து அனுப்பும் திட்டத்தை நடத்துகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். அவன் அளவுக்கு மீறிக் கவனமாக இருந்ததால்தான் மருந்து கெட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

நான் எழுத்தாளன் இல்லை. மலேசியாவில் கிள்ளானில் பழைய லாரிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்ததும் அங்கேதான். என் தங்கை ரோஸ்லின், கிள்ளான் துறைமுகத்து மீன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த சகாயத்தைக் கட்டிக்கொண்டு அவனோடு குளச்சலுக்குப் போய்விட்டாள். அவள் மகன் ஜெபினுக்கு ஏதோ பெரிய வியாதி, வாராவாரம் மருந்து ஏற்றுகிறார்கள் என்பது தெரியும். என்ன வியாதி என்று போனில் கேட்டால் அழுவாள். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். இந்த முறை டிசம்பரில் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கும்போதே மழை. நாகர்கோவில் பஸ் களியக்காவிளை தாண்டியதும் பஞ்சர். மாற்று டயர் இருந்தது, அதிலும் காற்று இல்லை. இறங்கி நின்றவர்கள் யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் போனில் மனைவியிடம், நான் வருவதற்குள் மீன் குழம்பைத் தீர்த்துவிடாதே, ஒரு துண்டாவது எடுத்து வை என்று மலையாளத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பஸ் எப்போது கிளம்பும் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"டயருக்கிட்ட கேளுங்க அண்ணாச்சி" என்றார்.

எதிரே டீக்கடையில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது, எங்கள் ஊர் பீசாங் கோரெங்குக்கு அண்ணன் முறை. ஒன்றைத் தின்றால் மதியச் சாப்பாடு வேண்டாம். டீ மட்டும் எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் தே தாரேக்குக்குப் பக்கத்தில் வராது. தண்ணீரில் டீத்தூளைக் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள்.

குளச்சலில் தங்கை வீடு இருக்கும் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் முன்பே தொங்கவிட்டு, உள்ளே பல்ப் எரிய விடுகிறார்கள். மழையில் நனையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது.

ஜெபின் வாசலுக்கு வந்தான். ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. மூச்சு விடுவது அடுத்த அறைக்குக் கேட்டது. கை குலுக்க நீட்டினான். விரல்கள் பந்தைப் பிடித்த மாதிரி மடங்கியே இருந்தன, விரியவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன்.

"மாமா, நீ லாரிய ஒடைப்பியாமே? ஒரு லாரிய ஒடைக்க எவ்வளவு நேரம் ஆவும்?" என்று கேட்டான்.

லாரியைப் பொறுத்தது என்றேன். அவனுக்குக் காது சரியாகக் கேட்காததால் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மதியம் மரச்சீனி என்று இவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும். நாங்கள் ஊபி காயு என்று வறுத்துத் தின்பதை இவர்கள் வேகவைத்துக் குழம்பில் குழைத்துச் சாப்பிடுகிறார்கள். நல்ல சாப்பாடுதான். நான் பாதியில் கை கழுவினேன்.

சகாயத்தின் அக்கா செலின் அடுத்த வீட்டிலிருந்து வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "எங்க குடும்பத்துல ஏழு தலமொறைக்கு இப்பிடி ஒரு பிள்ள கெடையாது அண்ணே. கப்பல்ல வந்த வியாதியா இருக்கும்" என்றாள். ரோஸ்லின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சகாயம் ஒரு வார்த்தை சொன்னான்: "எக்கா, வீட்டுக்குப் போ."

அடுத்த நாள் மருந்து ஏற்றும் நாள். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், அவர்கள் மேல் குற்றம் இல்லை. பையனுக்குப் பழகிப் போயிருந்தது. அவனே கையை நீட்டினான், அவனே நர்ஸுக்கு நரம்பைக் காட்டினான். மருந்து சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் இறங்கியது. ஆறு மாதத்துக்கு முன்னால் படி ஏறமாட்டான், இப்போது ஏறுகிறான் என்று ரோஸ்லின் சொன்னாள். சட்டைப் பொத்தானை அவனே போட்டுக்கொள்கிறானாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் நன்றாக இருந்தது.

டாக்டரம்மா மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். என்ன வியாதி என்று நேராகக் கேட்டேன். நேராகவே சொன்னார்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன் உடைமைகளைத் தானே உடைத்துக்கொண்டே இருக்கிறதாம். பழசாகிப்போன பாகங்களைச் செல்லுக்குள்ளே இருக்கும் குட்டிக் குட்டிப் பைகளில் கொண்டு போடும். பைக்குள்ளே புளிப்பான நீரும் வெட்டும் நொதிகளும் இருக்கின்றன. அவை பழசைத் துண்டு துண்டாக வெட்டும். துண்டுகள் வெளியே வந்து புதிய பாகம் கட்டப் பயன்படும். குப்பை என்று எதையும் வீணாக்குவதில்லை. எவ்வளவு உடைக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தப் பையின் மேல்தோலிலேயே ஒரு விசை உட்கார்ந்திருக்கிறதாம். சாப்பாடு நிறைய வந்தால் உடைப்பைக் குறைக்கும், பட்டினி என்றால் கூட்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாக நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையை என் உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் பொழுதுக்கும் செய்துகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு பொருளை வெட்டவும் ஒரு தனி நொதி வேண்டும். ஜெபினுக்கு அதில் ஒன்றே ஒன்று இல்லை. மூட்டிலும் தோலிலும் இருக்கும் பசை மாதிரியான ஒரு பொருளை வெட்டுகிற நொதி அது. வெட்டப்படாத சரக்கு பைக்குள்ளே தேங்குகிறது. ஈரல் வீங்குகிறது, மூட்டு இறுகுகிறது, தொண்டை தடிக்கிறது. பை அடைத்துக்கொண்டால் அந்த விசையின் கணக்கும் தப்பிப்போய், வேறு பழைய பாகங்களும் வரிசையில் தேங்கி நிற்கும் என்றார்.

இது எனக்குப் புரிந்தது. பட்டறையில் அச்சைக் கழற்றும் ஒரு கருவி உடைந்துபோனது ஒருமுறை. பாதி பிரித்த லாரிகள் முற்றத்தில் நின்றன. பின்னால் வந்தவை கேட்டில் நின்றன. அப்புறம் ரோட்டில் நின்றன. நகராட்சிக்காரன் வந்து சத்தம் போட்டான். இல்லாதது ஒரே ஒரு கருவி, அவ்வளவுதான்.

"அந்தக் கருவியத்தான் வெளியில உயிருள்ள செல்லுல வளத்து எடுத்து நாங்க ரத்தத்துல விடுறோம்" என்றார் டாக்டரம்மா. "செல்லே அதப் பிடிச்சுப் பைக்குள்ள கொண்டு போயிரும். ஆனா ரொம்ப நாள் தங்காது. அதனாலதான் வாராவாரம்."

எப்படி வந்தது என்று கேட்டேன். இது தாய் வழியில் பையன்களுக்கு வருவது. ரோஸ்லினுக்கு எங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், புதிதாகவும் நேர்ந்திருக்கலாம் என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அம்மாவிடமிருந்து வந்ததாக இருந்தால், மகனான எனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கிறது. நான் தப்பிவிட்டேன்.

நான் வெளியே போய் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ரசவடை வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மறு கை விரல்களை விரித்தேன், மடக்கினேன். எதிரே ஆட்டோக்காரர் ஒருவர் கை வலியா அண்ணே என்று கேட்டார்.

மறுநாள்தான் எல்லாம் நடந்தது. அன்று கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக மாவட்டம் முழுக்க விடுமுறை. இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வந்து சேரும்படி ஒரு மாத மருந்தை அனுப்பினீர்கள். வழக்கமாக ஆஸ்பத்திரி ஸ்டோரில் போய் இறங்கும் பெட்டி. ஸ்டோர் பூட்டியிருந்தது. கொண்டுவந்த ஆள் சென்னைக்குப் போன் செய்தான். வீட்டில் கொடுத்துவிடு என்று உங்கள் ஆபீஸில் சொன்னார்கள். அந்த ஆளே எங்களிடம் சொன்னது இது. மழையில் நனைந்துகொண்டு பைக்கில் வந்திருந்தான். ரோஸ்லின் அவனுக்குத் துவைத்த துண்டு ஒன்று கொடுத்தாள்.

மருந்தைத் தங்கை ஃபிரிட்ஜில் வைத்தாள். மதியத்துக்குள் காற்று ஏறியது. எங்கோ தென்னை சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. தெருவுக்கே கரண்ட் இல்லை. நட்சத்திரமெல்லாம் அணைந்து தொங்கின. சாயங்காலம் வரை பார்த்தோம், வரவில்லை. ரோஸ்லின் உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். பேசியது ஒரு பெண்.

"சூடு மட்டும் படவே கூடாதுங்க. ஐஸ் வச்சு நல்லா சில்லுன்னு வச்சுக்கோங்க. ஓகேவா?"

ரோஸ்லின் ஓகே என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண் பேசியது அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதாக உங்களிடம் ஆதாரம் இருந்தால் காட்டுங்கள்.

இப்போது சகாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தொழில் ஐஸ். குளச்சல் துறைமுகத்தில் ஏற்றுமதிக்குப் போகும் சூரைக்கும் கணவாய்க்கும் ஐஸ் போட்டுக் கட்டுகிறவன். அவன் கட்டிய பெட்டி கொச்சி போய்ச் சேர்ந்தும் ஐஸ் உருகாது என்று ஏலம் எடுக்க வரும் வியாபாரிகள் சொல்வார்கள். ஐஸ் வைக்கச் சொல்லி யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

என்னையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். விடுமுறை நாள், ஏலக் கொட்டகையில் ஆளில்லை. நாலைந்து பேர் வலை மேல் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சீட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவன் புதிய தெர்மோகோல் பெட்டி கொண்டுவந்தான். ஒருவன் ஐஸ் கட்டியை உடைத்தான். சகாயம் தன் கையாலேயே கல்லுப்பை அள்ளி ஐஸில் தூவிப் பிசைந்தான்.

உப்பு எதற்கு என்று கேட்டேன்.

"அளியா, வெறும் ஐஸு உருகும். உப்புப் போட்டா கடிக்கும்" என்றான். மைத்துனனை இங்கே அளியா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "நல்ல மீனுக்குத்தான் இதப் போடுவோம். எனக்க பிள்ளைக்க மருந்து மீன விடக் கொறஞ்சதா?"

சீட்டாடிய கிழவர் ஒருவர், "லேய் சகாயம், உனக்க கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெட்டது இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் வந்து மருந்து அட்டைப்பெட்டிகளை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினான். அட்டையில் இங்கிலீஷும் இந்தியும் எழுதியிருந்தன, எங்கள் யாருக்கும் அதைப் படிக்கிற அளவுக்கு வராது. ஒரு மூலையில் சின்னதாக ஆறு முனை நட்சத்திரம் மாதிரி ஒரு படம், அதன் மேல் ஒரு கோடு. ஜெபின் அதைக் காட்டி என்ன என்று கேட்டான்.

"கிறிஸ்மஸ் வருதுல்லா மக்கா, ஸ்டாரு போட்டு அனுப்பியிருக்காவ. கோடு, தொங்கவிடுக கயிறு" என்றான் சகாயம்.

அது குளிர் நாடுகளில் வானத்திலிருந்து விழும் பனிச்செதிலின் படம். அதன் மேல் கோடு போட்டால் உறைய விடாதே என்று அர்த்தமாம். எனக்குப் பின்னால்தான் தெரியும். நானும் பார்த்தேன், எனக்கும் புரியவில்லை. கிள்ளானிலும் பனி விழுவதில்லை. பனி விழுந்து பார்த்திராத கடற்கரைக்கு, வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும் மாதத்தில், பனிச்செதில் படத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, எச்சரித்துவிட்டோம் என்கிறீர்கள்.

மறுநாள் மதியம் கரண்ட் வந்தது. சகாயம் பெட்டியைப் பிரித்தான். ஐஸ் அப்படியே இருந்தது. ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து என் கன்னத்தில் வைத்தான். சுட்ட மாதிரி துள்ளினேன். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் அடுக்கினான். இது வெயிலைக் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரோஸ்லின் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அன்று செலின்கூட, தம்பி சமர்த்தன்தான் என்று ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

நடுவில் ஒரு நாள் அஞ்சுகிராமம் போனேன். கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக்காரர் தன் அத்தை மகனுக்கு ஒரு பிஸ்கட் டின் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த அத்தை மகன் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம் போட்ட அய்யாவழி மார்க்கத்துக்காரர். வழியெல்லாம் மின்சாரக் காற்றாடிகள். குளச்சல் பக்கம் பச்சையைத் தவிர எதுவும் கண்ணில் படாது, இங்கே மண் சிவந்து, காற்று ஆளைத் தள்ளியது. மட்டிப்பழம் ஒரு சீப்பு கொடுத்து, மருமகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக ஆகிவிடுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த மருந்து நாள் குப்பிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். அடுத்த குப்பியை எடுத்தார். போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ மிதந்தது. எல்லாக் குப்பியிலும்.

"இது உறைஞ்சு உருகியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "எங்க வச்சிருந்தீங்க?"

சகாயம் சொன்னான். பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தான். உப்பு என்ற இடத்தில் அவர் கண்ணை மூடியதைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

நொதி என்பது மடிப்பு மடிப்பாக மடிந்த ஒரு பொருளாம். உறைந்தால் மடிப்பு கலைந்துபோகும். பிறகு அது எதையும் வெட்டாது. ஏற்றினால் ஆபத்தும் வரலாம். வெறும் ஐஸ் என்றால் சுற்றிலும் துணி வைத்துத் தப்பித்திருக்கலாம். உப்புப் போட்ட ஐஸ் தண்ணீர் உறையும் குளிருக்கும் கீழே போய்விடும். மீனுக்கு எது நல்லதோ அதுவே இதற்கு விஷம்.

ஜெபின் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டான். ரோஸ்லின் அவன் காதருகே குனிந்து, அப்பா போட்ட ஐஸில் மருந்து கெட்டுப்போச்சு என்றாள்.

அவன் அப்பா பக்கம் திரும்பினான். "மீனு செத்தப்பொறவுதானே அப்பா ஐஸு போடுவே. மருந்து உசிரோட இருந்துச்சுல்லா" என்றான்.

சகாயம் எழுந்து வெளியே போனான். வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோளில் கை வைத்தேன். "எனக்க கையால அளியா" என்றான். "வேற எவனும் இல்ல. எனக்க கையால."

அன்று திரும்பும் பஸ்ஸில் அவன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தான்.

டாக்டரம்மா உடனே உங்களுக்கு எழுதினார், வேறு மருந்து அனுப்புங்கள் என்று. உங்கள் பதில் வந்தது. பயனாளியின் குடும்பத்தினர் கவனக்குறைவாக மருந்தைக் கையாண்டதால் வீணானது. வீணான மருந்துக்கு மாற்று கிடையாது. குடும்பத்தின் தகுதி பரிசீலிக்கப்படும் வரை அடுத்த மருந்து நிறுத்திவைக்கப்படுகிறது. இதுதான் பதில். அதில் உங்கள் ஆபீஸ் எங்குமே இல்லை. விடுமுறை இல்லை, போன் இல்லை, ஐஸ் வையுங்கள் என்ற பெண் இல்லை.

செலின் அதைக் கேட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். குத்திக்காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ரோஸ்லினைப் பார்த்து, "ஏட்டி, வந்து சாப்பிடு. அவனுக்கும் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் என் தங்கையிடம் ஒழுங்காகப் பேசிக் கேட்டது அன்றுதான்.

நான் கிளம்பும் வரை சகாயம் துறைமுகத்துக்குப் போகவில்லை. மீன் பெட்டி கட்ட ஆள் வந்து வந்து கூப்பிட்டார்கள். காலையில் தமிழ்ப் பேப்பரை எடுத்துத் முதல் பக்கத்திலிருந்து சினிமா வரை வாய்விட்டு எழுத்தெழுத்தாகப் படிப்பது அவன் வழக்கம். அதையும் விட்டுவிட்டான். பையன் ஒருநாள் காலையில் தன் சட்டைப் பொத்தானைப் போட அப்பாவைக் கூப்பிட்டான். போன வாரம் வரை தானே போட்டுக்கொண்டவன். மருந்து ஏறாமல் போனதால்தானா, இல்லை அப்பாவைப் பக்கத்தில் வரவைக்கத்தானா, எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். இவ்வளவு சீக்கிரம் தெரியாது, ஆனால் வாரங்கள் போகப் போகச் சரக்கு மறுபடி தேங்கும் என்றார். அவன் உடம்பு பழசை உடைக்காமல் காத்திருக்காது, பைக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். வெட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் கிள்ளான் திரும்பிவிட்டேன். பட்டறையில் வேலை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

கோட்டாறு திருவிழா விடுமுறையன்று மருந்தை அனுப்பச் சொன்னது யார்? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெட்டியை ஒரு வீட்டு ஃபிரிட்ஜை நம்பிக் கொடுக்கச் சொன்னது யார்? உறையக் கூடாது என்ற ஒரு வரியை அட்டையில் தமிழில் அச்சடிக்க உங்களைத் தடுத்தது எது? ஐஸ் வையுங்கள் என்று சொன்னவர் உங்கள் ஆபீஸில் இருக்கிறாரா இல்லையா? தகுதியைப் பரிசீலிக்கப் போவதாகச் சொல்கிறீர்களே, அது யாருடைய தகுதி?

டாக்டரம்மாவுக்குத் தனியாக மெயில் போடாதீர்கள். ரோஸ்லினைப் போனில் கூப்பிட்டு ஓகேவா என்று கேட்காதீர்கள். அடுத்த மருந்து நாளுக்கு முன்னால், இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். சகாயத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.